குதிரையில் 30 சதவீதப் பங்கு என்று சொல்லி 60,000 யூரோ பறித்துவிட்டார்கள். வெளிநாட்டில் குதிரை வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

முந்தாநாள் காலை ஒரு குதிரை லாரி வந்து எங்கள் குதிரையை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ‘எங்கள் குதிரை’ என்று சொல்ல எங்களுக்கு உரிமையே இருந்ததில்லை என்பது ஒரு வாரத்துக்கு முன்புதான் தெரிந்தது. போன பணம் 60,000 யூரோ. நம் ஊர்க் கணக்கில் 50 லட்சம் ரூபாய்க்கு மேல். அதில் பாதிக்கு மேல் என் அக்கா ஓசூரில் இருந்த மனையை விற்று அனுப்பியது.

என் அக்கா மகள் பெங்களூருவில் வளர்ந்தவள். பத்து வயதிலிருந்து குதிரையேறுகிறாள். மூன்று வருடமாக பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் ஒரு லாயத்தில் தங்கி ஷோ ஜம்பிங் (குதிரையில் தடை தாண்டும் போட்டி) பயிற்சி எடுக்கிறாள். நான் பக்கத்திலேயே, நெதர்லாந்தின் ஐந்தோவனில் இருக்கிறேன். இந்தியாவிலிருந்து குதிரையை ஐரோப்பாவுக்குக் கொண்டுவருவது நோய்த் தடுப்புக் கட்டுப்பாடுகளால் பல வருடங்களாக நடக்காத காரியமாகவே இருந்தது. அதனால் நம் ரைடர்கள் இங்கேயே வந்து, இங்கேயே குதிரை தேடிக்கொள்கிறார்கள். அந்தத் தேவையை வைத்துத்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வதேசப் போட்டிகள் பெரும்பாலானவற்றில் குதிரையின் சொந்தக்காரர் எந்த நாட்டவராக இருந்தாலும் பரவாயில்லை. ஒலிம்பிக்கில் அப்படி இல்லை. ரைடர் எந்த நாட்டுக்காரரோ, குதிரையின் உரிமையாளரும் அதே நாட்டுக்காரராக இருக்க வேண்டும். அதையும் ஒலிம்பிக் வருடத்தின் ஜனவரி 15-க்குள் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பில் பதிந்திருக்க வேண்டும். பல நாட்டவர் சேர்ந்து வைத்திருக்கும் குதிரை என்றால், அது எந்த நாட்டுக்காக இறங்கும் என்பதை அதே தேதிக்குள் பதிய வேண்டும். கடைசி நேரத்தில் பணக்கார நாடு ஒன்று வந்து நல்ல குதிரையைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க இப்படி ஒரு வேலி. நியாயமான விதிதான், அதில் எனக்குக் குறை இல்லை. சவூதி அணி 2012 லண்டனில் வெண்கலம் வென்றதற்குப் பின்னால்கூட, முன்கூட்டியே ஐரோப்பாவில் குதிரைகளை வாங்கிச் சேர்த்த திட்டம் இருந்தது.

போன செப்டம்பரில், விளையாட்டுக் குதிரைகளை விற்கும் ஓர் இணையதளத்தில் அந்தப் பெண் குதிரையைப் பார்த்தோம். பழுப்பு நிறம், வயது 10. ஒலிம்பிக் ஷோ ஜம்பிங்குக்குக் குதிரைக்குக் குறைந்தது 9 வயது ஆகியிருக்க வேண்டும், அந்தக் கணக்கும் சரியாக இருந்தது. 1.50 மீட்டர் தடைகளை நிதானமாகத் தாண்டிய வீடியோக்கள் இருந்தன. விலை 2 லட்சம் யூரோ. நமக்கு எட்டாது என்று விட்டுவிட்டோம். ஒரு வாரம் கழித்து விளம்பரம் போட்ட தரகர் தானாகவே அழைத்தார். முழுக்குதிரை வேண்டாம், 30 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள், 60,000 கொடுத்தால் போதும், குதிரை உங்கள் பெண்ணிடமே இருக்கும் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து என் மனைவி போட்ட காபியைக் குடித்தார். ஃபவாத் மிர்சாவைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்தவர் மாதிரி பேசினார். சிட்னிக்குப் பிறகு 20 வருடம் கழித்து டோக்கியோவில் இந்தியாவுக்காகக் குதிரையேறியவர், பெங்களூருக்காரர், அவர் ஏறிய செனியோர் மெடிகாட் குதிரையை வாங்கிக் கொடுத்ததும் ஒரு பெங்களூரு நிறுவனம்தான் என்றார். எல்லாம் உண்மை. “அந்தக் குதிரைக்கு இந்தியச் சொந்தக்காரர் இருந்ததால்தானே அவர் டோக்கியோ போனார்? இதையும் இந்தியா பெயரில் பதிந்துவிடலாம். ஜனவரி 15-க்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.” இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, என் அக்கா மகளைப் பார்த்தார். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்த நிமிடத்தில்தான் நான் விழுந்தேன்.

அப்போதே ஒரு விஷயம் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். நான் டச்சுக் குடியுரிமை வாங்கி ஆறு வருடம் ஆகிறது. என் பெயரில் பங்கு இருந்தால் செல்லுமா என்று கேட்டேன். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருக்கிறதே, அது போதும் என்றார். ஓசிஐ அட்டை குடியுரிமை கிடையாது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதே இல்லை. இது வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “அப்படியா, சரி, பெண் பெயரிலேயே போட்டுவிடுவோம்” என்று உடனே மாற்றிக்கொண்டார். எதற்கும் இணங்கிப் போகிற மனிதர் என்று நினைத்தேன். விதி தெரியாமல் பேசுகிறாரா, தெரிந்தே பேசுகிறாரா என்று ஒரு நாள் யோசித்திருந்தால் போதும்.

கால்நடை மருத்துவரை வைத்து முழுப் பரிசோதனை செய்தோம். நான்கு கால்களுக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். குதிரையிடம் ஒரு குறையும் இல்லை. அக்டோபர் 18 அன்று 60,000 யூரோவை அனுப்பினேன். மறுநாளே குதிரை லாயத்துக்கு வந்தது. கூடவே அதன் பாஸ்போர்ட்டும் வந்தது. இங்கே ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு. அங்க அடையாளப் படம், மைக்ரோசிப் எண், தடுப்பூசிப் பதிவு எல்லாம் அதில் இருக்கும். அது கைக்கு வந்ததும் குதிரையே நம்முடையது என்று நினைத்துக்கொண்டோம். பாஸ்போர்ட் குதிரையின் அடையாளத்துக்குத்தான் சான்று, உரிமைக்கு இல்லை. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மீதி 70 சதவீதம் ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் ஒரு நிறுவனத்தினுடையது. இந்தியா பெயரில் பதிய வேண்டுமென்றால் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். நவம்பரில் தரகரிடம் கேட்டபோது, பேசிவிட்டேன், கையெழுத்து வந்துகொண்டிருக்கிறது என்றார். டிசம்பர் முதல் வாரத்தில் கேட்டபோது ஒரு போட்டியில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றார். அதற்கு அடுத்த வாரம், விண்ணப்பம் போய்விட்டது என்றார். நகல் கேட்டேன். கிறிஸ்துமஸ் விடுமுறை, ஜனவரியில் தருகிறேன் என்றார். புத்தாண்டுக்குப் பிறகு செய்திகளைப் படிக்கிறார், பதில் மட்டும் வரவில்லை. வேறு எண்ணிலிருந்து அழைத்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

ஜனவரி 8-ஆம் தேதி நேராகக் கூட்டமைப்பிலேயே விசாரித்தோம். இந்தக் குதிரைக்காக எந்த விண்ணப்பமும் வரவில்லை என்றார்கள். பத்தாம் தேதி அந்த நிறுவனத்தின் எண்ணை எப்படியோ பிடித்துப் பேசினேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். குதிரையை விற்றுத் தரச் சொல்லி மட்டும்தான் தரகரிடம் விட்டிருந்தார்களாம். விற்கும் வரை ஒரு ரைடரிடம் பயிற்சியில் இருக்கட்டும் என்று தரகர்தான் சொன்னாராம். பங்கு எதுவும் யாருக்கும் கொடுக்கவில்லையாம், ஒரு யூரோகூட அவர்களுக்கு வரவில்லையாம். குதிரையை வேறு நாட்டில் ஒருவருக்கு விற்றாகிவிட்டது, அடுத்த வாரம் லாரி வரும் என்றார்.

என் 60,000 யூரோவுக்குத் தரகர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை அன்று இரவு மறுபடி படித்தேன். விற்பவர் என்ற இடத்தில் தன் பெயரைத்தான் போட்டிருக்கிறார். சொந்தக்காரரின் கையெழுத்து எங்குமே இல்லை.

இணையதளத்துக்கு எழுதினேன். நாங்கள் விளம்பரம் மட்டும்தான் வெளியிடுகிறோம், கொடுக்கல் வாங்கல் உங்கள் இருவருக்கும் இடையில் என்று இரண்டு வரியில் பதில். மறுபடி எழுதியதற்கு அதே இரண்டு வரி, எழுத்து மாறாமல். அந்தத் தரகரின் வேறு விளம்பரங்கள் இன்றுகூட அங்கே இருக்கின்றன. காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்டார்கள், ஆனால் இது சிவில் தகராறு போலத் தெரிகிறதே என்றார்கள். இல்லாத ஒன்றை 60,000 யூரோவுக்கு விற்றது எப்படித் தகராறு ஆகும்? அது திருட்டு.

ஜனவரி 15 பொங்கல். அக்கா வீட்டில் பொங்கல் பொங்கும்போது வீடியோவில் அழைத்தாள். பதிந்துவிட்டார்களா என்றுதான் முதலில் கேட்டாள். அவளிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பெண்தான் போனை வாங்கிச் சொன்னாள். தரவரிசையில் அவளுக்கு நேரடி இடம் கிடைக்கவில்லை என்பது உண்மை. யாராவது விலகினால் மாற்றாகக் கூப்பிடுவார்கள் என்ற சின்ன நம்பிக்கைதான் இருந்தது. பதிவு இல்லாத குதிரையை வைத்துக்கொண்டு அந்த நம்பிக்கைக்கும் வழியில்லை.

இப்படிப்பட்ட கொள்முதலில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும் செய்யுங்கள். பணம் அனுப்பும் முன் சொந்தக்காரரிடம் நீங்களே நேரில் பேசுங்கள், தரகர் வழியாக வேண்டாம். பங்கு வாங்கினால் எல்லாப் பங்குதாரர்களின் கையெழுத்தும் பணத்துக்கு முன்னால் வரட்டும். குதிரை யார் பெயரில், எந்த நாட்டின் பெயரில் இருக்கிறது என்று கூட்டமைப்பில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஓசிஐ போதும் என்று சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். ஜனவரி 15-ஐக் காட்டி அவசரப்படுத்துகிறவரிடம் கண்டிப்பாக வாங்காதீர்கள்.

நாளை ஹாசெல்ட்டில் வக்கீலைப் பார்க்கப் போகிறோம். ரசீதுகள், வாட்ஸ்அப் செய்திகள், எக்ஸ்ரே வரை எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். லாரி வந்த அன்று குதிரைக்குக் காலுறை கட்டி ஏற்றிவிட்டதும் அவள்தான், வேறு யாரையும் தொட விடவில்லை. “மாமா, அது புது இடத்தில் முதல் நாள் தண்ணீர் குடிக்காது, அவங்ககிட்ட சொல்லிடுங்க” என்றாள். அந்த நிறுவனத்துக்கு நான் எழுதிய கடைசி மின்னஞ்சல் அதுதான்.