துனிசியாவில் கடலோர வீடு தேடுகிறீர்களா? எங்கள் 1,140 யூரோ போன கதையைப் படித்துவிட்டுத் தேடுங்கள்

வீடு திரும்பி மூன்று நாள் ஆகிறது. பெட்டிகள் இன்னும் கூடத்திலேயே கிடக்கின்றன. மகனுடைய செருப்பை இரண்டு முறை கழுவியும் அந்தக் கறுப்புச் சேற்று நாற்றம் போகவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். துனிசியாவின் மத்தியதரைக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எங்களுக்குப் போனது 1,140 யூரோ. எந்தக் கடற்கரையை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள், லியோனில் இருக்கிறோம். நான், கணவர், 9 வயது மகள், 5 வயது மகன். துனிசியாவுக்குப் பிரெஞ்சு மொழி போதும், விமானம் இரண்டரை மணி நேரம்தான், செலவும் தென் பிரான்சை விடக் குறைவு. ஒரு வருடம் சேர்த்து வைத்த பணத்தில் ஜூலையில் ஏழு இரவு போவதாக முடிவு செய்தோம்.

விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு தளத்தில்தான் அந்த வீட்டைப் பார்த்தேன். பெயர் எழுதப் போவதில்லை. "மொனாஸ்தீர், கடலுக்கு மூன்று நிமிட நடை, தனியார் கடற்கரை" என்று இருந்தது. கேள்வி கேட்டு எழுதியதும் ஒருவன் கூப்பிட்டான். ஊர்சுற்றிக் காட்டும் சிறிய நிறுவனம் நடத்துவதாகவும், வீடு தன் பொறுப்பில் இருப்பதாகவும் சொன்னான்.

அந்தத் தொலைபேசி உரையாடலைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது நிமிடம் பேசினான். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசாமல் முதலில் குழந்தைகளின் வயதைக் கேட்டான். "ஐந்து வயதா? அப்படியென்றால் வடக்கே தபர்க்கா, பிசெர்த் பக்கம் இந்த முறை வேண்டாம் மதாம், அழகான இடம்தான், ஆனால் பாறை அதிகம், காற்று அடித்தால் அலை மோசம்" என்றான். ஹம்மாமெட்டில் சில இடங்களில் கடல் மணலை அரித்துவிட்டது, பழைய படங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்றான். காபெஸ் வளைகுடாவில் கடல் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும், இறங்கிய நேரத்தில் நெடுந்தூரம் நடந்தாலும் கணுக்கால் தண்ணீர்தான், போதாததற்கு அங்கே பாஸ்பேட் ஆலைக் கழிவு என்றான். ஜெர்பா தீவு நல்லது, ஆனால் ஏழு நாளில் அதையும் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க முடியாது. குழந்தைகளுக்கு மஹ்தியா, உங்களுக்குக் கெலிபியா. இப்படி ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டே போனான்.

இவை எல்லாமே உண்மை. அதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம். நான் தனியாகத் தேடிப் படித்ததும் அவன் சொன்னதும் அப்படியே ஒத்துப்போயின. தன் வியாபாரத்துக்கு எதிராகக் கூட நேர்மையாகப் பேசுகிற ஆள் என்று நம்பினேன். கணவரிடம் அன்றிரவு "இவ்வளவு விவரமாச் சொல்ற ஆள் நம்மள ஏமாத்த மாட்டாங்க" என்று நான்தான் சொன்னேன்.

அடுத்த நாள் ஒரு காணொளி அனுப்பினான். முழங்கால் ஆழத் தண்ணீர். அதில் ஒரு தினார் நாணயத்தைப் போடுகிறான். அது சுழன்று சுழன்று இறங்கி வெள்ளை மணலில் உட்கார்கிறது. மேலிருந்து பார்த்தால் நாணயத்தின் விளிம்பு வரை தெரிகிறது. மகள் அதைப் பத்து முறையாவது ஓடவிட்டுப் பார்த்திருப்பாள். "அம்மா, நாமும் காசு போட்டுப் பார்க்கலாம்" என்றாள்.

விளம்பரப் படத்தின் ஓரத்தில் குன்றின் மேல் ஒரு கோட்டை மங்கலாகத் தெரிந்தது. அது என்ன என்று கேட்டேன். "மொனாஸ்தீர் ரிபாத், மதாம், 796-ல் தொடங்கிய கோட்டை" என்றான். ஆண்டு சரியாகத்தான் சொன்னான்.

அப்புறம்தான் பணப் பேச்சு வந்தது. தளத்தின் வழியாகப் போனால் எல்லாம் சேர்த்து 1,300 யூரோ ஆகும், தளம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, நேரடியாக அனுப்பினால் 1,140 போதும் என்றான். வீட்டுக்கு 690. மூன்று நாள் காரும் ஓட்டுநரும் 450. முதல் நாள் மஹ்தியா, அடுத்து கெலிபியா, கடைசியாக ஹம்மாமெட். வங்கிக் கணக்கு துனிசியாவில் இல்லை, ஐரோப்பாவில் வேறொரு நாட்டில், ஒரு தனி நபர் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, தினாரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ அங்கிருந்து கொண்டுவரவோ சட்டம் அனுமதிக்காது, அதனால் உறவினர் கணக்கு என்றான். தினாரைப் பற்றிச் சொன்னதும் உண்மைதான். பொத்தானை அழுத்தினேன். 1,140 யூரோ, சுமார் 3,800 தினார், பத்து நொடியில் போய்விட்டது.

மொனாஸ்தீர் விமான நிலையத்தில் ஓட்டுநர் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். அவனுடைய எண் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மஞ்சள் டாக்சி ஒன்றில் ஏறி முகவரியைக் காட்டினோம். ஓட்டுநர் முகவரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "இது மொனாஸ்தீர் இல்லையே" என்றார். கார் ஊரைத் தாண்டித் தெற்கே போயிற்று. விரிகுடாவின் உள்மடிப்பில், கசிபெத் எல் மெதியூனி பக்கம் ஒரு தெருவில் இறக்கிவிட்டார். ஒரு பையன் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான்.

கடல் மூன்று நிமிட நடைதான். அதில் பொய் இல்லை. போய்ப் பார்த்தோம். அலையே இல்லை. கரையோரம் பச்சைப் பாசி, சளி மாதிரி மிதந்தது. மகன் ஓடிப்போய்க் காலை வைத்தான். கணுக்காலுக்கு மேல் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது செருப்பு சேற்றோடு வந்தது. மை மாதிரி கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். மீன் நாற்றமும் தெரியும், கருவாட்டு நாற்றமும் தெரியும். இது அந்த வகை இல்லை. மகன் அழுதான். மகள் தண்ணீரில் போட்டுப் பார்க்க எடுத்துவந்த நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து வேகமாகக் கையை ஆட்டினார். உள்ளே அழைத்துப்போய்க் குழந்தையின் காலைக் கழுவிவிட்டவர் அவர்தான். அவர் சொல்லித்தான் விவரம் தெரிந்தது. ஆழமில்லாத, நீரோட்டம் இல்லாத இந்தக் கடல் மூலையில்தான் பல வருடங்களாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரும், ஜீன்ஸ் துணி வெளுக்கும் ஆலைகளின் தண்ணீரும் வந்து சேர்கின்றன. மீனவர்களும் ஊர்க்காரர்களும் போராடிப் பார்த்துவிட்டார்கள். "இங்கே எங்கள் பிள்ளைகளே இறங்க மாட்டார்கள். வடக்கே ஸ்கனெஸ் போங்கள், இல்லாவிட்டால் ரயில் ஏறி மஹ்தியா போங்கள்" என்றார். ஒரு காசு கேட்காமல், பைன் பருப்பு போட்ட தேநீர் கொடுத்து அனுப்பினார். அந்த ஊரைப் பற்றி யாரும் தப்பாக நினைக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அன்றிரவுதான் அவன் போனை எடுத்தான். கொஞ்சம் கூடப் பதற்றம் இல்லை. "அது பொசிடோனியா மதாம், கடற்புல். சுத்தமான கடலில்தான் வளரும். நீங்கள் மகிழ்ச்சியடைய வேண்டும்" என்றான். மறுபடியும் ஒரு உண்மையை எடுத்து என் வாயை அடைக்கப் பார்த்தான். பொசிடோனியாவை இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். காய்ந்து பழுப்பு ரிப்பன் மாதிரி கரையில் குவிந்து கிடக்கும், நடுவே நார் உருண்டைகள் கிடக்கும். பலர் குப்பை என்று முகம் சுளிப்பார்கள். உண்மையில் மணலை அலை அரிக்காமல் காப்பதே அந்தக் குவியல்தான். அதுவும் இந்தப் பச்சைச் சளியும் கறுப்புச் சேறும் ஒன்றா? படம் எடுத்து அனுப்பினேன். "இயற்கைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பதில் வந்தது. தனியார் கடற்கரை எங்கே என்றேன். துனிசியாவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து, யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று எனக்கே பாடம் எடுத்தான்! விளம்பரத்தில் எழுதியவன் அவன்.

ஓட்டுநர் விஷயத்தில் தினம் ஒரு பதில். முதல் நாள் கார் பழுது. இரண்டாம் நாள் உறவினர் கல்யாணம். மூன்றாம் நாள், கோடைக்காலத்தில் அலுவலகங்களுக்கு அரைநாள் வேலைதான், மதியத்துக்கு மேல் யாரும் இருக்க மாட்டார்கள், நாளைக் காலை கூப்பிடுங்கள் என்றான். நாளைக் காலை எண் அணைக்கப்பட்டிருந்தது. அதோடு சரி.

மொனாஸ்தீர் நகருக்குப் போனபோது ரிபாத்தைப் பார்த்தேன். கடலோரச் சமதரையில், உருண்டையான காவல்கோபுரத்தோடு நிற்கிறது. குன்று என்று ஒன்று பக்கத்தில் எங்குமே இல்லை. தேநீர்க் கடைக்காரரிடம் அந்த விளம்பரப் படத்தைக் காட்டினேன். ஒரு நொடி பார்த்தார். "கெலிபியா" என்றார். கப் பொன் தீபகற்பத்தின் அந்தக் கோடியில் இருக்கிற கோட்டை. மாற்றி மாற்றி லுவாஜ் வண்டி பிடித்துத்தான் போக வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். ஜூலை வெயிலில் இரண்டு குழந்தைகளோடு அதற்குத் துணியவில்லை. ஆக, பணம் கட்டி வாங்கிய கடலை நாங்கள் பார்க்கவே இல்லை.

தளத்துக்கு எழுதினேன். 72 மணி நேரத்தில் பதில் என்றார்கள். ஐந்தாம் நாள் வந்தது: பணம் எங்கள் வழியாக வரவில்லை, அதனால் தலையிட முடியாது. சரி, அந்த வீட்டைப் பற்றி ஒரு மதிப்புரையாவது எழுதுகிறேன், அடுத்தவர்கள் பிழைக்கட்டும் என்றேன். தளத்தில் முன்பதிவு செய்தவர்கள்தான் மதிப்புரை எழுத முடியுமாம். வங்கியில், நீங்களே ஒப்புக்கொண்டு அனுப்பிய பணம், திரும்பக் கேட்டுப் பார்க்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். நேற்று தேசே வழியாகக் காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். பிரான்சில் இணைய மோசடிகளுக்காக 2022 முதல் இருக்கும் இணையவழிப் புகார் முறை அது. பிரான்சில் இருப்பவர்கள் இப்படி மாட்டிக்கொண்டால் உடனே அதில் பதியுங்கள். 1,140 யூரோ திரும்புமா என்பது வேறு விஷயம்.

மஹ்தியாவுக்கு நாங்களாகவே போனோம். கடலோர ஊர்களை இணைக்கும் ரயில் இருக்கிறது, கட்டணம் சில தினார்தான். அங்கே இறங்கியதும் மகள் ஒன்றும் சொல்லாமல் இடுப்பளவு தண்ணீருக்கு நடந்து போய்க் காசைப் போட்டாள். தெரிந்தது. மெல்லிய வெள்ளை மணல், மெதுவாக ஆழமாகும் கடல். மகன் கரையேற மறுத்துவிட்டான். முனையில் கடலைப் பார்த்தபடி சரியும் அந்தப் பழைய இடுகாடும் அதன் வெள்ளைச் சமாதிகளும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அந்த ஒரு நாளுக்காகத்தான் அவ்வளவும் செலவழித்தோம். 450 யூரோ காருக்குக் கொடுத்துவிட்டு ரயிலில் போனோம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாகச் சொல்வதாக இருந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. தளத்துக்கு வெளியே ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும். ஊர்ப் பெயரை நம்பாமல் வீட்டின் சரியான இடத்தைக் கேட்டு வாங்கி, செயற்கைக்கோள் வரைபடத்தில் பாருங்கள். திறந்த கடலைப் பார்த்திருக்கிறதா, விரிகுடாவின் உள்மூலையில் இருக்கிறதா என்பது அதிலேயே தெரியும். குளிக்கத் தகாத கடற்கரைகளின் பட்டியலை துனிசிய சுகாதார அமைச்சு ஒவ்வொரு கோடையிலும் வெளியிடுகிறது, துனிஸ் வளைகுடாவின் தென்கரை ஊர்கள் அதில் அடிக்கடி வருகின்றன, டிக்கெட் எடுக்கும் முன் அதைப் பாருங்கள். பதிவு செய்த காணொளி வேண்டாம். வீட்டு வாசலிலிருந்து தண்ணீர் வரை நேரலையில் நடந்து காட்டச் சொல்லுங்கள்.

இதே மாதிரி நாணயக் காணொளி யாருக்காவது வந்திருந்தால் கீழே எழுதுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்ளலாம். இன்று காலை தளத்தைத் திறந்து பார்த்தேன். அந்த வீடு இன்னும் இருக்கிறது. கெலிபியா கோட்டையோடு அதே படம். ஓர் இரவுக்குப் பத்து யூரோ ஏற்றியிருக்கிறான். ஆகஸ்ட் முதல் வாரம் "நிரம்பிவிட்டது" என்று காட்டுகிறது.