எழுத்துருவை நிறுவுவதா, ஒருங்குறிக்கு மாற்றுவதா?

நகரத்தார் கோயில்களின் புள்ளிப் பட்டியல் (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கு), கல்யாணச் சாமான் பட்டியல், படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) அழைக்க வேண்டிய பங்காளிகளின் முகவரி என்று செட்டிநாட்டுக் குடும்பங்களில் பழைய கணினிக் கோப்புகள் நிறைய உண்டு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டி.டி.பி. கடைகளில் தட்டச்சானவை இன்று நோட்பேடில் திறந்தால் தமிழாகத் தெரிவதில்லை. எழுத்துருவை நிறுவு, குறியேற்றத்தை (என்கோடிங்) மாற்று, கோப்பையே ஒருங்குறியாக்கு (யூனிகோடு) என்று ஆளுக்கொரு வழி சொல்வார்கள். முதலில் திரையில் தெரிவதைப் பாருங்கள்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் எடிட்டருக்குத் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை என்று பொருள். நிர்மலா யுஐ அல்லது லதாவைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' இரண்டும் மாறி மாறி வந்தால், கோப்பு ஏற்கெனவே ஒருங்குறிதான். எடிட்டர் தவறாகப் படிக்கிறது. எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. நோட்பேட்++ எடிட்டரின் குறியேற்ற மெனுவில், ஒருங்குறியைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8 ஐத் தேர்ந்தெடுங்கள். அதே மெனுவில் 'கன்வெர்ட்' என்று தொடங்கும் வரியைத் தொடாதீர்கள். தவறாகப் படித்ததையே அது நிரந்தரமாக்கிவிடும்.

உண்மையான போட்டி பாமினி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகளில்தான். பாமினியில் 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே கிடக்கிறது. பாமினியை நிறுவினால் உடனே படிக்கலாம், அச்சிடலாம். ஒரு பழைய அழைப்பிதழை மறுபடி அச்சடிக்க அதுவே போதும். பட்டியலுக்கு அது உதவாது. கைப்பேசிக்கு அனுப்பினால் மீண்டும் ஆங்கில எழுத்துகள். தேடினால் பெயர் கிடைக்காது. அகரவரிசைப்படுத்தினால் சொக்கலிங்கமும் தெய்வானையும் மெய்யப்பனும் ஒரே இடத்தில் குவிவார்கள். அங்கே கொம்பு தனி எழுத்தாக முன்னால் நிற்கிறது. ஒருங்குறியில் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னாலேயே பதிவாவதால் சொக்கலிங்கம் சகரத்துக்குத் திரும்பிவிடுவார்.

ஆகவே புள்ளிப் பட்டியலுக்கும் முகவரிக்கும் ஒருங்குறி மாற்றமே என் தேர்வு. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் பாமினியையும், 1999இல் தமிழக அரசு அறிவித்த டாப், டாம் குறியேற்றங்களையும் கையாளும். ஓர் ஆபத்து உண்டு. வெறும் உரைக்கோப்பில் எது தமிழ், எது ஆங்கிலம் என்ற அடையாளமே இல்லை. பாமினிக் கோப்பில் நடுவே ஆங்கிலத்தில் அடித்த பட்டங்களும் மலேசிய, சிங்கப்பூர் முகவரிகளும் மாற்றியில் நுழைந்ததும் பொருளற்ற தமிழாகிவிடும். டாப், இன்னொரு பழைய குறியேற்றமான திஸ்கி ஆகியவற்றின் கோப்புகளில் ஆங்கிலத்துக்குத் தனி இடம் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. பாமினி என்றால் ஆங்கில வரிகளைப் பிரித்து வைத்துவிட்டுத் தமிழை மட்டும் மாற்றுங்கள். பெயர்களை வீட்டுப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து சரிபார்த்த பிறகு யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். மூலக் கோப்பை அழிக்காமல் பாமினி எழுத்துருவோடு அதே ஃபோல்டரில் வைத்திருங்கள்.