பிரிட்ஜ் மோடா, இரட்டை நேட்டா?

கம்பெனி கொடுத்த ஃபைபர் மோடத்துக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் வைக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி இரட்டை நேட்: மோடத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் லேன் (LAN) போர்ட்டிலிருந்து ரவுட்டரின் வான் (WAN, இணையம் உள்ளே வரும்) போர்ட்டுக்கு ஒரு கேபிளைச் செருகினால் போதும். நேட், அதாவது வீட்டுக் கருவிகளையெல்லாம் ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் வைக்கும் வேலை, இரண்டு முறை நடக்கும்; யூடியூப் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆன்லைன் கேமுக்கோ, கேமராவை வெளியிலிருந்து பார்க்கவோ போர்ட் (வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வழி) திறப்பவர்தான் இரண்டு பெட்டியிலும் திறந்தாக வேண்டும். அப்புறம், இரண்டின் முகவரியும் 192.168.1.1 என்றே இருந்தால் முட்டிக்கொள்ளும், ரவுட்டரை 192.168.2.1 ஆக்குங்கள்.

இரண்டாவது வழி பிரிட்ஜ் மோடு: மோடம் இணைப்பை அப்படியே கடத்திவிடும், மற்ற எல்லா வேலையும் உங்கள் ரவுட்டருக்கு. பல இணைப்புகளில் பிபிபிஓஇ (கம்பெனி இணைப்புக்கான லாகின்) பெயர், பாஸ்வேர்டு, விலான் எண் (அந்த இணைப்பின் டிராஃபிக்குக்கு இட்ட அடையாள எண்) கேட்கும். கஸ்டமர் கேரில் அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கம்பெனி சிஜிநேட் (பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரி) வைத்திருந்தால் இவ்வளவு செய்தும் போர்ட் திறக்காது.

கேமும் கேமராவும் இல்லாத வீட்டுக்கு முதல் வழியே சரி. மோடத்தின் வைஃபையை மட்டும் அணைத்துவிடுங்கள்.