சிங்கப்பூர் உபியில் ஒரு பழைய பிரெஞ்சு மரச்சாமான் கடை: சாமானை நம்பலாம், டெலிவரியை நம்ப முடியாது

உபி தொழிற்பேட்டையில், கார் பட்டறைகளுக்கு மேல்மாடியில் இருக்கிறது இந்தக் கடை. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

நான் தேடிப் போனது ஜப்பானிய அரக்குப் பலகை, அதாவது மரப்பாலைப் பூசிப் பளபளப்பாக்கிய பலகை, பதித்த பிரெஞ்சு அலமாரி. மேரி ஆன்டோனெட் ராணிக்காக பாரிஸ் தச்சர் ரீஸ்னர் 1783இல் கருங்காலியும் ஜப்பான் அரக்கும் வைத்துச் செய்தவை நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம் இது. அந்தக் காலத்துச் சாமானை வாங்க நம் சம்பளம் ஏழு ஜென்மத்துக்கும் போதாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே பாணியில் பாரிஸில் மறுபடி செய்தவைதான் நமக்கு எட்டும். இந்தக் கடையில் இருப்பவையும் பெரும்பாலும் அவைதான்.

கடைக்காரர் எழுபதை நெருங்கும் சீனப் பெரியவர். கதவு வைத்த சின்ன அலமாரி ஒன்றைக் காட்டி, "அங்கிள், இதிலிருப்பது உண்மையான ஜப்பான் அரக்கா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கதவோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். தங்கத்தில் வரைந்த பைன் மரம் மேடாக எழும்பி நிழல் விழுந்தது. ஊசி இலைகளுக்கு நடுவே பொன்தூள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அப்புறம் பக்கவாட்டுப் பலகைக்குப் போனார். அங்கே தங்கம் தட்டையாக இருந்தது, மேலே வார்னிஷ் மஞ்சளித்திருந்தது. "முன்பக்கம் ஜப்பான், பக்கமெல்லாம் பாரிஸ்" என்றார். கேட்காமலேயே இதைச் சொல்லும் கடைக்காரர் எத்தனை பேர்?

இப்படிக் கலந்து செய்வது ஏமாற்று வேலையும் இல்லை. டச்சுக் கப்பல்களில் வந்த ஜப்பானியப் பெட்டிகளைப் பாரிஸ் வியாபாரிகள் வாங்கிப் பிரிப்பார்கள். மரத்தைப் பின்பக்கமிருந்து இழைத்து, அரக்குப் பூச்சு உடையாத அளவுக்கு மெல்லிசாக்கி, வளைந்த முகப்பில் ஒட்டுவார்கள். ஃபோந்தென்புளோ அரண்மனையில் பிரெஞ்சு ராணி மேரி லெஷ்சின்ஸ்காவுக்காக 1737இல் பாரிஸ் தச்சர் ஃபான் ரிஸன்பர்க் செய்த இழுப்பறை அலமாரியும் அப்படி வந்ததுதான். ஒட்டு தெரியாமலிருக்கச் சுற்றிலும் தங்க முலாம் பூசிய வெண்கலச் சட்டம். ஜப்பான் பலகை பற்றாத இடத்தில் உள்ளூர் வார்னிஷ். அந்த வார்னிஷுக்குப் பேர்போனவர்கள் மார்ட்டின் சகோதரர்கள்.

மேலே இருந்த சலவைக்கல்லைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். தச்சர் முத்திரை எதுவும் இல்லை. இழுப்பறை மூலைகளில் பொருத்துப்பற்கள் எல்லாம் ஒரே அளவில், இயந்திரம் வெட்டியவை. 1880 வாக்கில் செய்தது என்று சீட்டில் எழுதியிருந்ததோடு ஒத்துப்போனது.

கேட்ட விலை 4,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பேசி முடித்தது 3,900. அந்தக் காசுக்குத் தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) தங்க வளையலாவது வாங்கியிருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

பராமரிப்பு பற்றிப் பெரியவர் சொன்னது விலையைவிட உபயோகம். உருஷி என்கிற அந்த மரப்பால் காய்வதே ஈரக்காற்றில்தான். அதனால் நம் ஊர்ப் புழுக்கம் அதற்குப் பகையில்லை. அடியிலிருக்கும் மரம்தான் ஏர்கான் போட்டால் சுருங்கும், அணைத்தால் உப்பும். அந்த இழுபறியில் அரக்கு வெடித்து எழும்பிவிடும். வெயில் அதைவிட மோசம்: கறுப்பு பழுப்பாகி, பளபளப்பு செத்து, அப்புறம் ஈரத்துணி பட்டாலே கறை நிற்கும். மேற்குப் பார்த்த எங்கள் வரவேற்பறை ஒத்துவராது என்று, நடைபாதைச் சுவரோரம் ஏர்கான் காற்று படாத இடத்தில் வைத்திருக்கிறேன். துடைக்க உலர்ந்த மெல்லிய துணி மட்டும். ஸ்ப்ரே பாலிஷ் பக்கமே போகக் கூடாது.

டெலிவரிதான் கண்றாவி. சொன்ன வாரத்தில் வரவில்லை, போன் செய்தால் "நாளைக்கு" என்பார்கள். வந்தவர்கள் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் மின்தூக்கியை அளந்து பார்க்கவே இல்லை. சலவைக்கல்லைப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்! கண்ணாடி மாதிரி நிமிர்த்திப் பிடிக்காவிட்டால் தன் எடையிலேயே நடுவில் முறிந்துவிடும். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாக்சிக் (மலாய் ஆன்ட்டி) கதவைத் திறந்துவிட்டார். கல் தப்பித்தது, ஒரு கால் நுனியிலிருந்த வெண்கலம் வளைந்துவிட்டது. பெரியவரே மறுநாள் வந்து, காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போகிறவர்கள் டார்ச் கொண்டுபோங்கள். எந்தப் பலகை ஜப்பான், எது பிரெஞ்சு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், கேட்டால் எழுதித் தருகிறார். டெலிவரிக்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.