மண்டபம் பக்கம் தூண்டில் போடப் போகிறவர்கள் படிக்கவும்: 7,500 ரூபாய் போன கதை

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மண்டபம், பாம்பன் பக்கம் "தீவுக்குக் கூட்டிப்போய் மீன் பிடிக்க வைக்கிறோம், அனுமதி எங்கள் பொறுப்பு" என்று வாட்ஸப்பில் யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் 7,500 கொடுத்தேன்.

போன மாதம் வளைகாப்பு முடிந்து மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏப்ரலில் தேதி கொடுத்திருக்கிறார்கள். இனி தனியாக எங்கே ஊர் சுற்றுவது, இதுதான் கடைசி என்று ஒரு ஆதங்கம். எனக்கு ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம். தெரியாதவர்களுக்கு: இதில் இரை கிடையாது. முள்ளில் இறகும் முடியும் கட்டிக் குஞ்சுமீன் மாதிரி செய்து வீசுவது. (இந்தத் தடவை பளபளப்புக்கு வளைகாப்புப் புடவைக் குஞ்சத்திலிருந்து கொஞ்சம் ஜரிகை உருவிக் கட்டியிருந்தேன்.) அதற்கென்று எடையே இருக்காது, கனமான கயிறுதான் அதை இழுத்துக்கொண்டு போகும். அதனால் முன்னால் வீசும் அளவுக்குப் பின்னாலும் தலைக்கு மேலும் வெற்றிடம் வேண்டும்.

இணையத்தில் ஒரு ஆள் கிடைத்தார். "ஃப்ளைக்குன்னே தனி போட் வெச்சிருக்கோம் சார், மனோலி தீவுல இறக்கிவிட்டுர்றோம்" என்றார். தொடை கனத்தில் பாறை மீன் படங்கள் அனுப்பினார். ஜிபே-யில் பணம் போடும்போது வேறு பெயர் வந்தது. கேட்டதற்கு, "தம்பி அக்கவுண்ட் சார்." சரி என்று அனுப்பிவிட்டேன். அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

மதுரையிலிருந்து காரில் பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக மண்டபம் போய்ச் சேர இரவாகிவிட்டது. காலை ஐந்தரைக்கு வரச் சொன்ன இடம் படகுத்துறை இல்லை, தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒரு கரை. இருபது வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்தான். படகில் பதிவு எண் இல்லை. மேலே கம்பி நட்டுத் தார்ப்பாய் கட்டியிருந்தது. என் ராடு ஒன்பது அடி. அதற்குள் நிமிர்த்தக்கூட முடியாது, வீசுவது எங்கே? லைஃப் ஜாக்கெட் கேட்டேன். பலகைக்கு அடியிலிருந்து ஒன்றை உருவினான். ஆரஞ்சு நிறம் வெளுத்து, ஒரு பக்கம் கொக்கி இல்லை. அந்த இடத்தில் தங்கூசியை (தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பு) இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தான்.

"பர்மிஷன் எங்கப்பா?"

"எனக்கு ஆயிரத்தைந்நூறு பேசி வரச் சொன்னாக அண்ணே. ஃபாரஸ்ட் போட் வந்தா உங்களக் குனிஞ்சு படுத்துக்கிறச் சொல்லணுமாம்."

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் இறங்கினால் வழக்கு நம் பேரில்தான். பணம் வாங்கியவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

உண்மையைச் சொன்னால், இரண்டு வருடத்துக்கு முன் என்றால் ஏறியிருப்பேன். அன்றும் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டேன். அப்போதுதான் அந்தத் தங்கூசி முடிச்சு கண்ணில் பட்டது. அதற்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் நிரப்பினேன். 'தந்தை பெயர்' என்ற கட்டத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கத்தில், கை என் அப்பாவின் பெயரை எழுதிவிட்டது. நர்ஸ் சிரித்துக்கொண்டே வேறு தாள் கொடுத்தார். அப்பா என்னைக் கண்மாய்க்குத் தூண்டில் போடக் கூட்டிப்போவார், ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவே மாட்டார். பயந்தாங்கொள்ளி என்றே பல வருடம் நினைத்திருந்தேன். காலை எடுத்துக்கொண்டேன்.

ஆளுக்குப் போன் போட்டால், "வேற போட் அனுப்புறேன், இன்னொரு மூவாயிரம் போடுங்க" என்றார். மறுத்ததும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அப்புறம் அந்தப் பாறை மீன் படத்தைத் தேடிப் பார்த்தேன். செஷல்ஸ் போய்வந்த யாரோ ஒருவர் போட்ட படம். 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். எண் வந்திருக்கிறது, பணம் வரவில்லை. பையன் மேல் எனக்குக் கோபமில்லை, டீசலுக்கு இருநூறு கொடுத்துவிட்டு வந்தேன்.

தீவைப் பார்க்கத்தான் ஆசை என்றால், விவேகானந்தர் 1897-ல் வந்திறங்கிய குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. அது பார்ப்பதற்கு மட்டும், தூண்டிலுக்கு இல்லை. மீன் பிடிக்கப் படகு வேண்டுமென்றால் நேரில் போய் பதிவு எண்ணையும் ஜாக்கெட்டின் கொக்கியையும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அன்று காலை வடக்கே பெண் கடல் (பாக் நீரிணையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பக்கம் போய்க் கரையிலேயே நின்று வீசினேன். அலையே இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இரையில்லாமயா தம்பி? மீனு என்ன கிறுக்கா?" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு முரல் ஜரிகையைக் கவ்வியது, முழங்கை நீளம்கூட இல்லை. கழற்றி விட்டேன். அதற்குள் ஊசிப் பல்லால் ஜரிகையை நார்நாராக்கிவிட்டிருந்தது.

மதியம் மனைவியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது போகட்டும், என் புடவையில ஒரு குஞ்சம் பிஞ்சு தொங்குதே, நீங்களா?" என்றாள்.