சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் அந்த ஸ்மார்ட்வாட்ச்: வாங்கலாமா?

தயாரிப்பு நின்றுபோன மாடல், கடைக்காரர் விலையை இன்னும் குறைத்துவிட்டார், எடுக்கட்டுமா என்று நண்பர் கேட்கிறார். நான் வெகுநாளாக இதைக் குடைந்துகொண்டிருப்பவன் என்பதால் வந்த கேள்வி.

உள்ளே இருப்பது என்ஆர்எஃப்52832 சிப். யார் வேண்டுமானாலும் நிரல் எழுதி ஏற்றக்கூடிய பைன்டைம் என்ற ஸ்மார்ட்வாட்ச்சிலும் இதுதான். கம்பெனி மென்பொருளைத் துடைத்துவிட்டு வாஸ்ப்-ஓஎஸ் என்ற திறந்த மூல வாட்ச் மென்பொருளை ஏற்றினேன். மைக்ரோபைத்தானில், அதாவது சின்னச் சிப்புகளுக்கான பைத்தான் மொழியில், நாலு வரி எழுதி ப்ளூடூத்தில் அனுப்பினால் மணிக்கட்டில் ஓடுகிறது. இந்தச் சுகத்துக்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

எரிச்சல் முழுக்கத் திரையில்தான். 240க்கு 240 புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட் நிறம். முழுத் திரைக்கு 1,15,200 பைட் வேண்டும். சிப்பின் ராம், அதாவது தற்காலிக நினைவகம், மொத்தமே 64 கேபி. படத்தை முன்கூட்டி வரைந்துவைக்க இடமில்லாததால் துண்டு துண்டாக அனுப்ப வேண்டியிருக்கிறது. அதுவும் சிப்பிலிருந்து திரைக்குப் போகும் 8 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐ இணைப்பு வழியாக. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதினாலும் நொடிக்கு ஒன்பது முழுப் படம்கூடத் தேறாது. நேரம் பார்க்கக் கையைத் திருப்பினால், கடை ஷட்டர் இறங்குவதுபோல் எண்கள் மேலிருந்து இறங்குகின்றன. ஒவ்வொரு தடவையும்! இதில் சார்ஜர் கிளிப் வேறு தொட்டாலே நழுவும். அதைப் பேச ஆரம்பித்தால் ரத்தக் கொதிப்புதான் ஏறும்.

ஆனால் கிழமையைத் தமிழில் கொண்டுவந்தேனே, அதையும் சொல்ல வேண்டும். 'வெள்ளி' என்பதில் கொம்பு யூனிகோடு வரிசைப்படி வகரத்துக்குப் பின்னால்தான் வரும். அதை முன்னால் நகர்த்தும் மென்பொருள் இதில் கிடையாது. ஆகவே ஏழு கிழமைகளையும் 120க்கு 40 புள்ளியில் கறுப்பு வெள்ளைப் படங்களாக வரைந்தேன். ஒன்றுக்கு 600 பைட்தான். 'ள்' மேல் புள்ளியை இரண்டு பிக்சலில் வைத்தால் காணாமல் போகிறது. மூன்றில் வைத்தால் பளிச்சென்று நிற்கிறது. கடையில் விற்கிற விலையுயர்ந்த வாட்ச் எதிலும் என் கையெழுத்து இராது.

அப்படியானால் வாங்கலாமா? வேண்டாம். ஒரு நிரலில் பிழை வந்து வாட்ச் சிக்கிக்கொண்டால் பசை போட்ட பின்மூடியைப் பெயர்த்து, மென்பொருளை மறுபடி ஏற்ற உள்ளே கம்பி பற்றவைக்க வேண்டும். பிறகு மழைத்துளிக்கும் பயப்பட வேண்டும். மணி பார்ப்பதற்கு நானே முள் கடிகாரம்தான் கட்டிக்கொள்கிறேன். அந்தக் கடையில் இரண்டு மிச்சம் இருந்தால் மட்டும் எனக்காக எடுத்துவையுங்கள், பணம் தந்துவிடுகிறேன்.