பங்குனி ஆமை: ஏட்டிலும் கரையிலும்

பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமையை அறிய விரும்பும் சென்னைவாசி இயற்கை நூல்களை வாசிக்கலாம். அல்லது 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவின் கடற்கரை இரவு நடையில் சேர்ந்துகொள்ளலாம். ஒரு முறைக்கு ஏறத்தாழ 100 முட்டைகள் இடப்படுவதையும், அவை பொரிய 45 முதல் 60 நாள் வரை ஆவதையும், மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் மிகுவதையும் வாசிப்பே தெளிவாக விளக்கும்; பாலினக் கணக்கு கரையில் எத்தனை இரவு நடந்தாலும் கண்ணுக்குப் புலப்படாது.

ஆனால், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி டார்ச் விளக்கை அணைத்துவிட்டு நடக்கையில், துடுப்புக் கால்கள் மாறி மாறி இழுத்துச் சென்ற தடத்தைப் பின்தொடர்ந்து, தன்னார்வலர் ஒருவர் கம்பால் மெல்லக் குத்தி முட்டைக்குழியைக் கண்டறிவதைக் காண்பதும், மீன்பிடி இழுவை வலையில் சிக்கி இறந்து கரையொதுங்கிய ஆமையின் நாற்றத்தை எதிர்கொள்வதும் எந்தப் பக்கத்திலும் கிடைக்காத அனுபவங்கள். பல இரவுகளில் ஆமை வருவதே இல்லை என்பதைக் குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் (பெரியவர்களிடமும்தான்).

இரண்டில் ஒன்றை முதலில் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் நடையையே தேர்ந்தெடுப்பேன். குஞ்சுகள் கடலின் மங்கிய ஒளியை விட்டுத் தெருவிளக்கை நோக்கித் தவறிச் செல்வதைப் பற்றிய பத்தி, அந்த விளக்குகளின் கீழ் நடந்து திரும்பியவருக்கு வேறுவிதமாகப் புரிகிறது.